‘செட்’டைச் ‘சைட்’ என்று படிக்கும் குழந்தைக்கு: முரண்டு பிடிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒலிவழி கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யு.கே.ஜி. முடிக்கும் பருவத்தில் குழந்தை கேட், பின், கப், ஹென் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பெருமை பிடிபடாது. சில வாரங்களில் புத்தகத்தில் செட், வாஸ், ஒன், கம், பீப்பிள் எல்லாம் வந்து குறுக்கே நிற்கும். பிள்ளை தான் கற்ற ஒலிகளை நம்பிப் படிக்கிறது, தப்பாக வருகிறது. “அதெல்லாம் சைட் வேர்ட்ஸ் (பார்த்தவுடன் சொல்ல வேண்டிய சொற்கள்), மனப்பாடம்தான் செய்ய வேண்டும்” என்று பள்ளி டைரியில் ஒரு பட்டியலை ஒட்டி அனுப்புவார்கள். மதுரையில் செல்லூரோ ஜெய்ஹிந்த்புரமோ, சாயங்காலம் டியூஷன் நடக்கும் வீட்டைக் கடந்தால் “எஸ்-ஏ-ஐ-டி செட், எஸ்-ஏ-ஐ-டி செட்” என்ற ராகம் காதில் விழும்.

எனக்கு அந்த ராகத்தில் நம்பிக்கை கிடையாது. எழுத்துகளின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் ‘எஸேய்டி’ என்றுதான் வரும், ‘செட்’ வராது. பாடிப் பாடி அந்த ஒரு சொல் மனத்தில் தங்கலாம், அடுத்த சொல்லுக்கு அது துரும்பளவும் உதவாது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: ஒலியை நம்பாதே, உருவத்தைப் பார்த்து ஊகித்துக்கொள் என்ற பாடத்தைப் பிள்ளை யாரும் சொல்லாமலேயே கற்றுக்கொள்கிறது. உண்மையில் இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் இடம்தான் கோணல். மீதி எழுத்துகள் நேராகவே ஒலிக்கின்றன. நேரான பகுதியை ஒலியால் படிக்கவிட்டு, கோணல் இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுக்காட்டிச் சொல்லித்தர வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படிப்பதற்கு முன் ஒரு சிறு ஏற்பாடு. எழுத்துகளின் பெயர்களை இடையில் கோடு போட்டு எழுதுகிறேன்: எஸ்-ஏ-ஐ-டி. ஒலிகளைச் சாய்கோட்டுக்குள் வைக்கிறேன்: /ஸ்/ /எ/ /ட்/. ஆங்கிலத்தின் இரண்டு ‘டி’யும் இரண்டு ‘பி’யும் தமிழில் ஒரே மாதிரிதான் விழும், சொல்லைப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

தொடங்கும் முன்: புள்ளி வைத்த எழுத்து கைகொடுக்கும்

குழந்தைக்கு இருபது எழுத்துகளின் ஒலியாவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று ஒலிகள் கொண்ட சொல்லைத் தானே கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு முன் டி-எச்-இ என்ற ‘த’, ‘இஸ்’ போன்ற ஓரிரண்டைத் தவிர முரண்டுச் சொல் எதுவும் வேண்டாம்.

ஒலி கூட்டுவதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. க் + அ = க என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே கரும்பலகையில் பார்த்துவிடுகிறார்கள். மெய் வேறு, உயிர்மெய் வேறு என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளுக்கு ‘பி’ எழுத்தின் ஒலியை ‘பஹ்’ என்று இழுக்காமல் சொல்லவைக்க ஆசிரியர்கள் படாதபாடு படுவார்கள். நாம் “புள்ளி வைத்த ப்” என்றால் வேலை முடிந்தது. ஆனால் மெய்யெழுத்துகளை நாம் இக், இங், இச் என்று முன்னால் ஓர் ‘இ’ சேர்த்துத்தான் ஒப்பிக்கிறோம். அந்த இகரம் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டால் ‘இஸ்கூல்’, ‘இஸ்டாப்’ ஆகிவிடும். “முன்னால் இருக்கும் ‘இ’யைக் கழற்றிவிட்டுச் சொல்லு கண்ணு” என்று இரண்டு நாள் விளையாட்டாகச் சொன்னால் போதும்.

இன்னும் இரண்டு பழக்கங்களைக் காது கொடுத்துக் கவனியுங்கள். ஒன்று, பஸ்ஸு, கப்பு, பெட்டு என்று சொல்லின் கடைசியில் ஒட்டும் உகரம். மற்றொன்று, எக் என்பது ‘யெக்கு’ ஆவது. பேச்சில் அப்படி வந்தால் கண்டிக்க வேண்டியதில்லை, நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். ஒலிகளை எண்ணும்போது மட்டும் அந்த வாலும் தலையும் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

முதல் படி: சொல் முதலில் காதுக்குப் பழகட்டும்

இந்தப் படியைப் பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன. அவை ஆங்கிலம் பேசும் வீடுகளுக்காக எழுதப்பட்டவை. லண்டனில் ஐந்து வயதுக் குழந்தை ‘வாஸ்’ என்பதை ஆயிரம் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுத்தில் பார்க்கிறது. உசிலம்பட்டியில் இருக்கும் பிள்ளை அதைக் கேட்பதும் பார்ப்பதும் ஒரே நாளில்.

எழுத்து, ஒலி, பொருள் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தால்தான் சொல் நினைவில் நிலைக்கிறது என்பது வாசிப்பு ஆய்வாளர் லின்னியா ஏரி பல பத்தாண்டுகளாக விளக்கிவரும் விஷயம். பிணைப்பு விழுந்த பின் பிள்ளை அந்தச் சொல்லைக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தவுடன் தானாகவே வாயில் வந்துவிடும். பொருளும் பழக்கமும் இல்லாத சொல்லுக்கு அந்தப் பிணைப்பு விழுவது கடினம்.

மேஜை, பூனை என்றால் படம் காட்டிவிடலாம். ‘ஆஃப்’, ‘வாஸ்’, ‘த’ ஆகியவற்றுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது? வாக்கியத்தில் வைத்து, வாயால் சொல்லி, காதால் கேட்கவைக்க வேண்டும். ‘ஆஃப்’ வேண்டுமானால் ‘கப் ஆஃப் டீ’, ‘கப் ஆஃப் மில்க்’ என்று கடை வைத்து விளையாடுங்கள். பிள்ளை கடைக்காரர், நீங்கள் வாடிக்கையாளர். ‘வாஸ்’ வேண்டுமானால் நேற்றும் இன்றும்: “டுடே இட் இஸ் ஹாட். எஸ்டர்டே இட் வாஸ் ஹாட்.” மதுரையில் இந்த வாக்கியம் வருஷத்தில் பாதி நாள் பொய்யாகாது. ‘செட்’ வேண்டுமானால் வீட்டில் இருப்பவர்கள் பேசியதைத் திருப்பிச் சொல்லும் விளையாட்டு: “அம்மா செட் கம். அப்பா செட் நோ.” இரண்டு மூன்று நாள் இப்படிக் காதில் விழுந்த பிறகு எழுத்துக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: புளியங்கொட்டையால் ஒலிகளைப் பிரித்தல்

இங்கே எழுத்து இன்னும் வரவில்லை. தரையில் சாக்பீஸால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். கையில் நாலைந்து புளியங்கொட்டை. சொல்லை மெதுவாகச் சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். கட்டம் போட்டு ஒலி பிரிக்கும் இந்த முறை சோவியத் உளவியலாளர் எல்கோனின் வகுத்தது; உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது. கொட்டை மட்டும் நம் ஊர்ச் சரக்கு.

‘செட்’ என்று சொன்னால் முதல் நாள் நம் பிள்ளை இரண்டே கொட்டைகளைத் தள்ளும்: ‘செ’, ‘ட்’. இதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் ‘செ’ ஒரே எழுத்து, ஆகவே பிள்ளையின் காதுக்கு அது ஒரே துண்டு. சில பிள்ளைகள் செட்-டு என்று உகரத்துக்கும் ஒரு கொட்டை எடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். “ச் + எ = செ என்று படித்தாய் அல்லவா, அந்த ‘செ’யைத் திரும்ப உடை பார்க்கலாம்” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு /ஸ்/ என்று ஒரு கொட்டை, /எ/ என்று ஒரு கொட்டை, /ட்/ என்று ஒரு கொட்டை. கடைசி ஒலியில் நாக்கு மேலே போய் நின்றுவிட வேண்டும், வால் நீளக் கூடாது.

இந்த வேலைக்கு ஆங்கிலம் படித்தவர் வேண்டியதில்லை. சொல்லைச் சரியாக உச்சரிக்க ஒருவர் இருந்தால், மீதியை அப்பத்தாவே பார்த்துக்கொள்வார். பல்லாங்குழி ஆடிய கைகளுக்குக் கொட்டை எண்ணுவது புதிதா என்ன?

மூன்றாம் படி: எழுத்துகளை ஒலிகளின் மேல் அமர்த்துதல்

இப்போது அதே மூன்று கட்டங்களுக்குள் எழுத்து வருகிறது. முதல் கட்டத்தில் எஸ்: “இது என்ன ஒலி?” /ஸ்/. நேர். கடைசிக் கட்டத்தில் டி: /ட்/. நேர். நடுக்கட்டத்தில் /எ/ ஒலிக்குப் பிள்ளை ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைத்தான் எதிர்பார்க்கும். பெட், ஹென், டென் எல்லாவற்றிலும் அதைத்தானே பார்த்தது. “நீ நினைத்தது நியாயம்தான். இந்தச் சொல்லில் மட்டும் அந்த இடத்தில் ஏ-ஐ உட்கார்ந்திருக்கிறது” என்று சொல்லி நடுக்கட்டத்தில் அந்த இரண்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றின் அடியில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அமெரிக்கப் பள்ளிகளில் அந்த இடத்துக்கு மேல் ஒரு சிறிய இதயம் வரைகிறார்கள். எனக்குக் கோடே போதும். இதயம் வரையச் சொன்னால் பிள்ளைகள் அதற்கு வண்ணம் தீட்டுவதிலேயே அரை மணி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

முழுச் சொல்லையும் சிவப்பாக்கிவிடாதீர்கள். எது நேர், எது கோணல் என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். “எஸ் நேராக இருக்கிறது, டி நேராக இருக்கிறது, நடுவில் ஏ-ஐ /எ/ என்று சொல்கிறது.” இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இந்த ஏ-ஐ விஷயத்தில் மதுரைப் பிள்ளைக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பள்ளி அடையாள அட்டையிலும், பஸ் பலகையிலும், கடைப் பலகையிலும் ‘மதுரை’ என்ற பெயரை ஆங்கிலத்தில் பார்த்தே அது வளர்கிறது. அந்தப் பெயர் முடிவது ஏ-ஐ என்ற இரண்டு எழுத்துகளில், ஒலி /ஐ/. சித்திரை வீதி, முல்லை, அன்னை, மலை என எங்கும் இதே கதை. ஆகவே ‘ரெயின்’ என்ற மழையை அது ‘ரைன்’ என்று படிக்கும். ‘செட்’டைச் ‘சைட்’ என்று படிக்கும். அதனிடம் இருக்கும் ஒரே சான்று அதைத்தான் சொல்கிறது, பாவம் அது என்ன செய்யும். நான் மூன்று வரிசைகளாகக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்: ஊர்ப் பெயர்களில் ஏ-ஐ என்றால் /ஐ/, ரெயின், டிரெயின், வெயிட் என்ற காத்திருத்தல், டெயில் என்ற வால் போன்ற ஆங்கிலச் சொற்களில் /ஏ/, செட் என்ற சொல்லில் /எ/. அகெய்ன் என்ற சொல்லைப் பலர் அகென் என்று சொல்வதால் அதையும் மூன்றாம் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே கண்ணோடு பிள்ளையின் சொந்தப் பெயரையும் ஒரு தடவை பாருங்கள். முத்து, சுந்தர் என்ற பெயர்களில் யு என்ற எழுத்து /உ/. அதனால் ‘புட்’, ‘புல்’, ‘புஷ்’ ஆகியவை நம் பிள்ளைக்கு முரண்டே அல்ல; வழக்கமானவை என்று புத்தகம் சொல்லும் ‘பட்’, ‘கப்’, ‘சன்’தான் அதற்குக் கோணல். கவிதா, கீதா என்ற பெயர்களில் டி-எச் சேர்ந்து /த்/ ஆவதால் ‘த’ என்ற சொல்லின் முன்பாதி அதற்குத் தெரிந்த கணக்கு. சித்திரையில் சி-எச் /ச்/. ‘ஸ்கூல்’ என்ற சொல்லில் அதுவே /க்/. எங்கே சிவப்புக் கோடு விழ வேண்டும் என்பதைப் பட்டியல் அச்சடித்தவர் முடிவுசெய்ய முடியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எது தெரியும் என்பதைப் பொறுத்தது அது.

நான்காம் படி: உண்மையிலேயே முரண்டா, இன்னும் சொல்லித்தராததா?

பள்ளிகள் ஒட்டி அனுப்பும் பட்டியல்களுக்கு மூலம் பெரும்பாலும் எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் வெளியிட்ட 220 சொற்கள். குழந்தைகள் புத்தகங்களில் அடிக்கடி வரும் சொற்களை அவர் திரட்டினார். அடிக்கடி வருவது என்பதுதான் அளவுகோல், முரண்டு பிடிப்பது அல்ல. அதில் பிக், கேன், ரெட், ரன், ஜம்ப், ஹெல்ப், நாட், இட், அப் எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஒலி கூட்டியே படித்துவிடலாம். முதல் வேலையாக அவற்றை அடித்துவிடுங்கள், பட்டியல் சட்டென்று இளைக்கும்.

மிஞ்சியவற்றில் பெரும்பகுதி சில சிறு விதிகளுக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் சொல் ‘வி’ என்ற எழுத்தில் முடிவது அபூர்வம். அதனால் ஹேவ், கிவ், லிவ், லவ் ஆகியவற்றின் பின்னால் ஒரு சும்மா ‘இ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இஸ், ஹிஸ், ஹேஸ், ஏ-எஸ் என்ற அஸ் ஆகியவற்றில் கடைசி எஸ், தேனீயின் ரீங்காரம்போல் தொண்டை அதிர ஒலிக்கும். ஹி, ஷி, வி, மி, பி ஐந்தும் ஒரே தாயின் பிள்ளைகள். மை, பை, ஃபிளை மூன்றிலும் கடைசி ஒய் /ஐ/ என்று ஒலிக்கும். டபிள்யூவுக்கோ டபிள்யூ-எச்சுக்கோ பின் ஏ வந்தால் பெரும்பாலும் வாயைக் குவித்த ஆ ஒலி: வாஸ், வான்ட், வாஷ், வாட்ச், வாட். ‘வாஸ்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். டபிள்யூ நேர், ஏ அந்த விதிப்படி, எஸ் ‘இஸ்’ஸில் பார்த்தபடி. முரண்டுச் சொற்களின் தலைவன் என்று பேரெடுத்த சொல்லில் முரண்டு என்று எதுவும் மிஞ்சவில்லை.

கடைசியில் கையில் நிற்பவை கொஞ்சமே: செட், ஒன், டூ என்ற இரண்டு, ஆஃப், ஹூ, டஸ், பீப்பிள், ஃபிரெண்ட், ஐ என்ற கண், குட்-வுட்-ஷுட் மூவர், இவை போன்ற சில. உழைப்பை இவற்றில் போடுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லின் சொந்தபந்தத்தைக் காட்டுதல்

கோணலுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு எந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல உறைந்துபோனது. உச்சரிப்போ அதன்பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு இந்த வரலாறு வேண்டாம். “முன்பு இந்த எழுத்தையும் சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை” என்ற ஒரு வரி போதும், ஐந்து வயதுக்கு அது கதைபோல இருக்கும். நைஃப் என்ற கத்தியின் கே அப்படிப்பட்டதுதான்.

இரண்டைக் குறிக்கும் ‘டூ’வின் நடுவே ஏன் ஒரு டபிள்யூ? டுவின்ஸ், டுவெல்வ், டுவென்டி, டுவைஸ் என்று அடுக்கிச் சொல்லுங்கள். எல்லாம் இரண்டின் உறவு, எல்லாவற்றிலும் அந்த டபிள்யூ ஒலிக்கிறது. ‘டூ’வில் மட்டும் வாயை மூடிக்கொண்டது. இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் தெருவாக இருந்தால் பாடம் இன்னும் சுலபம்.

‘ஒன்’ இன்னும் சுவையானது. டபிள்யூ எழுத்தே இல்லை, ஒலி மட்டும் /வ்/ என்று தொடங்குகிறது. நாமும் ‘ஒன்று’ என்பதைப் பேச்சில் ‘வொண்ணு’ என்றுதானே சொல்கிறோம், எழுதும்போது அந்த வகரத்தை எழுதுகிறோமா? ஆங்கிலத்தில் சில வட்டார வழக்குகளில் இதே மாதிரி முன்னால் ஒரு வகரம் ஒட்டி, பிறகு அதுவே பொது உச்சரிப்பாகிவிட்டது. அலோன், ஒன்லி என்ற உறவுச் சொற்களில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டு “வொண்ணு, வொண்ணு” என்று கத்துவார்கள். கத்தட்டும்.

கம், சம், லவ், சன் என்ற மகன், மன்கி: இவற்றில் ஓ என்ற எழுத்து /அ/ என்று ஒலிப்பதற்குக் காரணம் பழைய கையெழுத்துப் பிரதிகள் என்பார்கள். யு, எம், என், வி எல்லாம் ஒரே மாதிரிக் குத்துக்கோடுகளாக எழுதப்பட்ட காலத்தில், பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பிரித்தறிய முடியாது என்று யு-வுக்குப் பதில் ஓ போட்டார்கள். பிள்ளைக்குக் காரணம் தேவையில்லை, ஐந்தையும் ஒரே தாளில் சேர்த்து எழுதிக் காட்டினால் போதும். ‘குட்’ என்ற சொல்லில் எல் எப்படி வந்தது? வுட், ஷுட் இரண்டிலும் இருக்கிறதே என்று பார்த்து இதற்கும் ஒட்டிவிட்டார்கள். அதன் பழைய வடிவத்தில் எல் இருந்ததே இல்லை. மூன்றையும் ஒரே நாளில் கற்பியுங்கள். ‘பீப்பிள்’ நடுவே வரும் ஓ, பாப்புலர், பாப்புலேஷன் என்ற உறவுகளில் ஒலிக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் இதைச் சொல்லலாம்.

காரணம் தெரியாத சொல்லுக்குக் காரணம் புனையாதீர்கள். “இது இப்படித்தான், பார்த்து வைத்துக்கொள்” என்றால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆறாம் படி: எழுதுதல்

பத்துத் தடவை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தில் நான்காவது தடவைக்கு மேல் கை மட்டுமே வேலை செய்கிறது. சில பிள்ளைகள் முதலில் எஸ் எழுத்தைப் பத்து வரிக்கும் மேலிருந்து கீழே எழுதி, பிறகு ஏ, பிறகு ஐ என்று நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதில் சொல் எங்கே இருக்கிறது?

அதற்குப் பதிலாக இரண்டு மூன்று தடவை, ஆனால் ஒவ்வொரு தடவையும் இந்த ஒழுங்கில்: சொல்லைச் சொல், ஒலிகளை விரலில் எண்ணு, ஒவ்வோர் ஒலியையும் வாயால் சொல்லிக்கொண்டே அதற்குரிய எழுத்தை எழுது, கோணல் இடம் வந்ததும் நின்று, அங்கே மட்டும் எழுத்தின் பெயரைச் சொல். அதாவது “/ஸ்/… /எ/, ஏ-ஐ… /ட்/”. பிறகு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒரு தடவை. மூடிய தாளைத் திறந்து பிள்ளையே திருத்தட்டும். தப்பு இருந்தால் முழுச் சொல்லையும் அடிக்காமல் எந்தக் கட்டத்தில் பிசகியது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்கு மேலேதான் பிசகு இருக்கும்.

நன்றாகப் படிக்க வந்த பிறகு, எழுத்துக்காக ஒரு குறும்பு முறையும் உண்டு: எழுதியிருப்பதை எழுதியபடியே வேண்டுமென்றே தப்பாக உச்சரிப்பது. புதன்கிழமையை ‘வெட்-நெஸ்-டே’ என்றும், பீப்பிளை ‘பி-ஓ-பிள்’ என்றும், ஃபிரெண்டை ‘ஃபிரி-எண்ட்’ என்றும் சொல்லிக்கொண்டே எழுதுவது. எழுத உதவும், படிக்க உதவாது. வாசிப்பு உறுதியாவதற்கு முன் இதைத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஏழாம் படி: வாக்கியத்திலும் தெருவிலும்

அட்டையில் சரியாகப் படிக்கும் பிள்ளை புத்தகத்தில் தடுமாறும். ஆகவே அன்றன்றே வாக்கியத்துக்குள் வையுங்கள். மற்ற சொற்கள் எல்லாம் கூட்டிப் படிக்கக்கூடியவையாகவும், முரண்டுச் சொல் ஒன்றோ இரண்டோ மட்டுமாகவும் இருக்கும்படி நீங்களே எழுதுங்கள். “ராம் செட், த பஸ் இஸ் ஹாட்.” “த ஹென் வாஸ் இன் த பாக்ஸ்.” இலக்கியம் இல்லைதான், ஆனால் படம் பார்த்து ஊகிக்க இடமே தராத வாக்கியங்கள்.

பிறகு தெரு இருக்கிறது. ஒருவழிப் பாதைப் பலகையில் ‘ஒன்’ நிற்கிறது. பள்ளி வேனின் முதுகில் ‘ஸ்கூல்’. வங்கிக் கதவில் ‘புஷ்’, ‘புல்’. டவுன் ஹால் ரோடு பலகையில் எச்-ஏ-எல்-எல். ஆல், பால், கால், வால் என்ற சுவர், டால் என்ற உயரம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். பலகைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்துகள், புத்தகத்திலோ சிறிய எழுத்துகள் என்பதை நினைவில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் அதே சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். கதைப் புத்தகங்களுக்கு, புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப்போகலாம். எடுத்த புத்தகத்தின் ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் தட்டினால் அது இப்போதைக்குக் கடினம், வேறொன்றை எடுங்கள்.

எவ்வளவு வேகத்தில்?

வாரத்துக்கு மூன்று சொற்கள். அதற்கு மேல் வேண்டாம். புதிய சொல்லை மறுநாள் ஒரு தடவை, இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஒரு மணி நேரம் நடத்துவதால் பலன் இல்லை. குட்-வுட்-ஷுட் போல ஒரே குடும்பமாக இல்லாமல், பார்வைக்கு மட்டும் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சொற்களை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். அரசுப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தொடக்க வகுப்புத் திட்டத்தில் இருக்கும் பிள்ளையானாலும் ஆங்கில வழிப் பள்ளியில் இருக்கும் பிள்ளையானாலும், பள்ளியில் அந்த வாரம் வருகிற சொற்களிலிருந்தே மூன்றைத் தேர்ந்தெடுத்தால் இரட்டை வேலை இருக்காது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது. ‘வாட்’ என்று இருந்தால் ‘வாஸ்’ என்பார்கள். “இல்லை” என்று சொல்லி விடையைக் கொடுத்துவிடாமல், கடைசி எழுத்தின் அடியில் விரலை வையுங்கள். பிள்ளை தானே திரும்பி வரும்.

‘வாஸ்’ஸை ‘சா’ என்று தலைகீழாகப் படிப்பது. ஆறு வயதுவரை இது சாதாரணம். முதல் எழுத்தின் கீழ் ஒரு பச்சைப் புள்ளி வைத்து அங்கிருந்து தொடங்கச் சொன்னால் சில வாரங்களில் சரியாகும்.

ஓ-எஃப் ஒன்றும் ஓ-எஃப்-எஃப் ஒன்றும். இரண்டையும் தமிழில் ‘ஆஃப்’ என்றுதான் எழுதுகிறோம், பேசுகிறோம். முதலாவதன் கடைசி ஒலி ஆங்கிலத்தில் /வ்/. எஃப் எழுத்துக்கு அந்த ஒலி வருகிற அன்றாடச் சொல் இது ஒன்றுதான். விசிறியின் ஆன்-ஆஃப் சுவிட்சைக் காட்டி இரண்டாவதை முதலில் உறுதிப்படுத்துங்கள், ஒரு மாதம் கழித்து மற்றது.

பல மாதங்கள் பொறுமையாகச் செய்தும் மூன்று ஒலிகளைக் கூட்டவே வரவில்லை, தமிழிலும் அதே திணறல் இருக்கிறது என்றால், சோம்பல் என்று முத்திரை குத்தாதீர்கள். முதலில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும். கண்ணுக்கு நம் ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அவை சரியாக இருந்தால், வாசிப்பதில் திணறவைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா உண்டா என்று குழந்தை உளவியலாளரிடம் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வுகளில் சலுகைகளும் கிடைக்கும்.

கடைசியாக, ஒரே ஒலியில் வரும் இரண்டு ‘தேர்’. இடத்தைக் குறிப்பதை முதலில் எடுங்கள். இங்கே என்று பொருள் தரும் ‘ஹியர்’ அதற்குள் முழுதாக ஒளிந்திருக்கிறது; எங்கே என்று கேட்கும் ‘வேர்’ சொல்லுக்குள்ளும் அதே ‘ஹியர்’. மூன்றும் இடத்தைப் பற்றியவை என்று பிள்ளையே கண்டுபிடித்து, அந்த நான்கு எழுத்துகளை மூன்று சொற்களிலும் வட்டமிடட்டும். ‘அவர்களுடைய’ என்று பொருள் தரும் மற்றொரு ‘தேர்’ இரண்டாம் வகுப்புவரை காத்திருக்கலாம்.